கலத்தின் அடியில் ஒரு வரலாறு

கெலமங்கலத்து மேட்டுநிலத்திலிருந்து மரக்கலத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் ஓசூரைக் கடந்து ஓடும் தென்பெண்ணையாறு கடலூரில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து தெற்கே பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என நீளும் கரையில்தான் நம் மரைக்காயர்கள் கலம் செலுத்தி வாணிகம் வளர்த்தனர். அவர்கள் ஈட்டிய செல்வத்தை நாம் பெருமையுடன் பேசுகிறோம்; கலத்தின் அடிப்பாகத்தைக் காத்த உழைப்பையோ மறந்துவிடுகிறோம்.

நீரில் மூழ்கிய பலகைக்குப் பகைவர் இருவர். பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். மரத்தைத் துளைக்கும் புழு உள்ளே புகுந்து பலகையையே அரித்துவிடும். ஆகவே கலத்தைக் கரையேற்றிச் சுரண்டி, மீண்டும் பூச்சிட வேண்டும். 1183ஆம் ஆண்டில் ஐதாபிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்த இப்னு ஜுபைர், தென்னங்கயிற்றால் தைத்த செங்கடல் கலங்களுக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர் என்றும், அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் எழுதியுள்ளார்.

நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ வேறொரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். சீனத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பெருங்கலங்கள் பழுதுற்றால், பழைய பலகையை அகற்றாமல் அதன் மேலேயே புதிய பலகையை அறைவார்களாம். ஆறு அடுக்கானதும் அக்கலம் ஆழ்கடலுக்கு உதவாது. மூடி மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு பொதித்தனர். புழு அணுகவில்லை, ஆனால் செம்பு பட்ட இடங்களில் இரும்பாணிகள் அரித்துப்போயின. பின்னர் இரும்புக் கப்பல்கள் பெருகியபோது நஞ்சு கலந்த வர்ணங்கள் வந்தன. 1960களில் பரவிய டிரைபியூட்டைல் டின் பூச்சு, பிரான்சின் ஆர்க்கசோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓட்டை உருக்குலைத்து, குஞ்சுகளையும் அழித்தது. 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. 2001இல் உருவான உலக ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்தது.

பழைய பூச்சை அகற்றலாம். அல்லது நஞ்சு கசியாதவாறு அதன்மேல் தடுப்புப் பூச்சு இடலாம் என்று அவ்வொப்பந்தம் இரு வழி வகுத்தது. இவற்றுள் இரண்டாவது, மார்க்கோ போலோ குறிப்பிட்ட வழக்கத்தை நினைவூட்டுகிறது! ஆனால் மூடப்பட்ட நஞ்சு அழிந்துவிடுவதில்லை. பிற்காலத்தில் அதைச் சுரண்டப்போகும் தொழிலாளிக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே சுரண்டும் முறையும் அறமாகிறது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயமும் செம்பும் தூளாகி நெஞ்சுக்குள் புகும். ஈரப்படுத்திச் சுரண்டி, கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்தவற்றை ஒரு துகளும் விடாமல் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். கரையில் சிந்தியது அலையோடு கடலுக்குள் போகும். அங்கிருந்து மீனோடு நம் உணவுத் தட்டுக்கே திரும்பும்.

துருவின் மேல் பூசிய வர்ணம் நில்லாது என்பதை வண்டிகள் செய்யும் ஓசூர்த் தொழிலாளி நன்கறிவார். கடலோரத்து உழைப்பாளி அறிந்ததும் அதுவே. பழையதை நீக்கிய பின்னரே புதியது நிலைக்கும். நீக்குகின்றவரின் உயிரைக் காப்பதோ, கலத்தால் பயன்பெறும் நம் அனைவரின் கடமை.