கறை என்று துடைத்தேன்

ஆவடிக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொலைநோக்கியைத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். லென்ஸின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ மினுமினுத்தது. எண்ணெய்க் கறை என்று நினைத்து, கையில் இருந்த பனியன் வேஸ்டால் அழுத்தித் தேய்த்தேன். அதைப் பார்த்த சீனியர் ஒருவர், "அது கறை இல்லப்பா, பூச்சு! கீறிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேலையே போய்விடுமோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை.

அந்தப் பூச்சு மெக்னீசியம் ஃப்ளூரைடு. கனம், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து லென்ஸுக்குப் பத்துப் பக்கம். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விடும். பூச்சு இருந்தால், அதன் மேற்பரப்பில் திரும்பும் ஒளி அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் மேடும் பள்ளமுமாகப் பொருந்தி ஒன்றையொன்று அடக்கிவிடும். பச்சையும் மஞ்சளும் நன்றாக அடங்கும். சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிஞ்சும். நான் கண்ட கத்தரிப்பூ நிறம் அந்த மிச்சம்தான். 1935-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பவர் கண்ட வழி இது.

மழைநாளில் பஸ் ஸ்டாண்டு குட்டையில் டீசல் மிதந்து வண்ணம் காட்டுமே, அதுவும் இதே கணக்குதான். அங்கே படலத்தின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் நிறமும் மாறுகிறது. இந்த நிறங்களை ராபர்ட் ஹூக் 1665-லேயே எழுதி வைத்தார். நியூட்டன் படலத்தின் கனத்தையே அளந்தார். ஆனால் ஒளியை அவர் துகளாகவே பார்த்தார். 1801-ல் தாமஸ் யங், அலைகள் கூடுவதாலும் கழிவதாலும் வரும் நிறம் இது என்று சொன்னதும், நியூட்டனுக்கே மறுப்பா என்று புரூம் என்ற வக்கீல் பத்திரிகையில் கிழித்துத் தள்ளினார். யங் பதிலுக்கு ஒரு சிறு நூல் போட்டார். விற்றது ஒரே ஒரு பிரதியாம்! பாவம் மனிதர். அவர் சொன்னது சரி என்று நிலைநாட்ட, பின்னால் பிரெஞ்சுக்காரர் பிரெனெல் வரவேண்டியிருந்தது.

நம் சி. வி. ராமனுக்கும் இந்த நிறங்கள் மேல் தீராத ஆசை. சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது, 1906-ல் வெளிவந்த அவருடைய முதல் கட்டுரையே ஒளி அலைகளைப் பற்றியதுதான். 1935-ல் பெங்களூரில் இருந்தபடி சிப்பிகளின் பளபளப்பை ஆராய்ந்து எழுதினார். முத்துச்சிப்பியின் உட்புறத்தில் சுண்ணாம்பு ஏடுகள் மெல்லிசாக, அடுக்கடுக்காக இருக்கின்றன. நிறம் அந்த அடுக்கில்தான்; சாயம் எதுவும் கிடையாது.

போன வருடம் கண்புரை ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வாங்கினேன். இதிலும் பூச்சு உண்டு, பச்சையாக மினுங்குகிறது. கடைப் பையன் ஒரு மெல்லிய துணியைக் கொடுத்து, "சட்டையில துடைக்காதீங்க சார், கோட்டிங் போயிடும்" என்றான்.