ஓதற்பிரிவும் காஞ்சன்பாக்கும்: அப்துல் கலாமின் அயல்நாட்டுப் பயிற்சி

முன்னுரை

பிரிவிற்குரிய காரணங்களாக ஓதல், பகை, தூது ஆகிய மூன்றைத் தொல்காப்பிய அகத்திணையியல் முதற்கண் எண்ணுகிறது. அவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என அவ்வியல் வரையறுக்கிறது. கல்வியின்பொருட்டுப் பிரியும் காலம் மூன்றாண்டுகளைக் கடவாது என்பது கற்பியல் கூறும் எல்லை. யார் செல்லலாம், எத்துணைக் காலம் செல்லலாம் என்னும் இரு வினாக்களுக்கு இவ்விலக்கணம் விடை தருகிறது. சென்றவர் மீண்டபின் அக்கல்வி என்னவாகிறது என்னும் மூன்றாம் வினா அகப்பொருள் மரபின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 1963-இல் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அமெரிக்காவில் பெற்ற பயிற்சியையும், ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கில் அவர் ஆற்றிய பணியையும் இணைத்து நோக்கும்போது இம்மூன்று வினாக்களும் புதிய பொருள் பெறுகின்றன.

செல்வதற்கு உரியோர்

'உயர்ந்தோர்' யாவர் என்பது உரையாசிரியர் காலந்தொட்டு விளக்கத்திற்குரியதாக இருந்து வருகிறது. கலாம் 1931-இல் இராமேசுவரத்தில் படகு உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின் சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் விமானப் பொறியியல் கற்றார். அங்குச் சேர்வதற்கான கட்டணத்திற்காக அவருடைய தமக்கை சோரா தம் பொன் நகைகளை அடகு வைக்க நேர்ந்தது. அந்நிறுவனத்தின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்னும் கருத்தில் தமிழில் எழுதி அவர் முதற்பரிசு பெற்றார். பரிசளித்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். தற்சார்பு என்னும் எண்ணம் அயல்நாடு செல்வதற்கு முன்பே தமிழ்க் கட்டுரை வடிவில் அவரிடம் உருப்பெற்றிருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

ஆறு திங்கள்

கலாம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெறச் செல்லவில்லை. வளிமண்டல ஆய்வு ராக்கெட்டுகளை ஏவும் முறையைக் கற்க ஆறு திங்கள் பயிற்சிக்கே அனுப்பப்பட்டார். புறப்படுமுன் இராமேசுவரம் சென்று பெற்றோரிடம் விடைபெற்றார். உறவினர்களான ஜலாலுதீனும் சம்சுதீனும் பம்பாய் வரை வந்து வழியனுப்பினர்.

வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வு மையம், மேரிலாந்தின் காடர்டு விண்வெளி மையம், வாலப்ஸ் தீவின் ஏவுதளம் ஆகிய இடங்களில் பயிற்சி நிகழ்ந்தது. அப்பயிற்சிக்குச் சென்ற மற்றொருவரான ஆர். ஆராவமுதனின் நினைவுக்குறிப்புகள் அன்றாட வாழ்வைப் பேசுகின்றன. மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பட்டாணி, ரொட்டி, பால் என அமைந்த உணவும், வாலப்ஸ் தீவில் வார இறுதி நாள்களின் தனிமையும் அவற்றில் இடம்பெறுகின்றன.

கலாமின் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' வேறு இரு காட்சிகளை முதன்மைப்படுத்துகிறது. ஒன்று, லாங்லியில் கண்ட சிற்பம். இரு குதிரைகளைச் செலுத்தும் தேரோட்டியை அது காட்டுகிறது. ஒரு குதிரை அறிவியல் ஆராய்ச்சியையும் மற்றொன்று தொழில்நுட்ப வளர்ச்சியையும் குறிக்கின்றன. மற்றொன்று, வாலப்ஸ் வரவேற்புக் கூடத்தில் கண்ட போர்க்கள ஓவியம். ராக்கெட்டுகளை ஏவிய வீரர்கள் வெள்ளையர் அல்லர். ஆங்கிலேயரை எதிர்த்த திப்பு சுல்தானின் படையினர். தாய்நாடு மறந்ததை அயல்நாடு நினைவிற்கொண்டுள்ளது என்னும் வியப்பை அந்நூல் பதிவு செய்கிறது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரிலும் பயன்பட்டன என்பதால், இம்மறதியில் தமிழகத்திற்கும் பங்குண்டு.

மீட்சியும் காஞ்சன்பாக்கும்

பயிற்சி பெற்றோர் அவ்வாண்டே மீண்டனர். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பாகவும், ரேடாரும் தொலையளவியும் ஆராவமுதனின் பொறுப்பாகவும் அமைந்தன. ஏவியோர் இந்தியர்; ஏவப்பட்டது அயல்நாட்டுக் கருவி.

இவ்வேறுபாட்டைக் களையும் முயற்சியே பின்னர்க் காஞ்சன்பாக்கில் நிகழ்ந்தது. 1982-இல் கலாம் அங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி ஆய்வகத்தின் இயக்குநரானார். அருகிலேயே அமைந்த பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தை முன்னர்த் தலைமையேற்று நடத்திய வி.எஸ். அருணாசலம், வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று மீண்டவர். அவர் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் ஆர். வெங்கட்ராமன் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1983-இல், ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. 1987-இல் ஏழு தொழில்வள நாடுகள் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை அறிவித்தன. ஒரு தலைமுறைக்கு முன் ஏவும் முறையைக் கற்பித்த அமெரிக்காவும் அவற்றுள் ஒன்று. எனினும் 1988 பிப்ரவரி 25-இல் பிருத்வியும், 1989 மே 22-இல் அக்னியும் ஏவப்பட்டன.

நினைவின் இடம்

'அக்னிச் சிறகுகள்' நூலின் ஆங்கில மூலம் 1999-இல் வெளிவந்தது. அதனை உடனிருந்து எழுதிய அருண் திவாரி, கலாமின் கீழ் அவ்வாய்வகத்தில் பணியாற்றியவர். ஆகவே 1963-இன் அனுபவம் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துக் காஞ்சன்பாக்கின் பட்டறிவு வழியாகவே எழுத்துருப் பெற்றது. உணவும் தனிமையும் பின்தள்ளப்பட்டு, தேரோட்டியும் திப்புவும் முன்னிற்பதற்கு இது காரணமாகலாம். ஆராய்ச்சியையும் ஆக்கத்தையும் ஒருசேரச் செலுத்த வேண்டியிருந்த இயக்குநருக்கே அச்சிற்பம் முழுப்பொருள் தந்திருக்கும். தொழில்நுட்பம் மறுக்கப்பட்ட சூழலில்தான் அவ்வோவியம் வரலாற்றுச் சான்றாக வலுப்பெற்றது. அயல்நாட்டுக் கல்வி பற்றிய தன்வரலாறுகளை ஆராய்வோர், சென்ற நாட்டோடு, அவை எழுதப்பெற்ற இடத்தையும் காலத்தையும் சேர்த்து நோக்குதல் இன்றியமையாதது.

முடிவுரை

ஓதற்பிரிவிற்கு உரியோர் என்னும் வரையறை, தமக்கையின் நகையால் கற்ற ஒருவரிடத்து நெகிழ்ந்தது. மூன்றாண்டு எல்லை ஆறு திங்களாகச் சுருங்கியது. அக்கல்வியின் பயனோ காஞ்சன்பாக்கில் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. 2015-இல் அங்குள்ள ஏவுகணை வளாகம் கலாமின் பெயரைப் பெற்றது. பிரிந்து சென்ற காலத்தின் அளவைவிட மீண்டபின் ஆற்றிய பணியின் அளவே ஓதற்பிரிவை மதிப்பிட உதவும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.