சிரசு ரேணுகையுடையது, உடல்?



வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து போய்வந்தவர்கள் தேங்காய்க் குவியலையும் புலியாட்டத்தையும் வாணவேடிக்கையையும் சொல்வீர்கள். கதை கேட்டால், 'பரசுராமர் தாயை வெட்டினார், தந்தையிடம் வரம் வாங்கி உயிர்ப்பித்தார்' என்று முடித்துவிடுவீர்கள்.

அது மகாபாரத வனபர்வக் கதை. அங்கே உடல் மாறவில்லை. நம் பக்கத்துக் கதையில் இன்னொரு பெண் இருக்கிறாள். ஊர் ஒதுக்கிவைத்த சாதிக்காரி. உயிருக்குப் பயந்து ஓடிவந்த ரேணுகையை அவள் காப்பாற்றப் பார்த்தாள். அவள் தலையும் விழுந்தது. உயிர்ப்பிக்கும் அவசரத்தில் தலைகள் மாறிவிட்டன என்பார்கள்.

தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு மட்டும் ஊர்வலமாக வருவது இதனால்தான். கௌண்டன்ய ஆற்றங்கரையில், கோபாலபுரம் கோயிலில் காத்திருப்பது அந்தப் பெண்ணின் உடல். அதில் சிரசைப் பொருத்திய பிறகே கண் திறப்பு.

அவசரத்தில் நடந்த பிசகு என்று எனக்குத் தோன்றவில்லை. கதை சொன்னவர்கள் தெரிந்தே மாற்றியிருக்கிறார்கள். ரிஷிபத்தினியின் தலை மட்டும் தெய்வமாகிவிடாது. அடைக்கலம் கொடுத்து மாண்டவளின் உடலும் வேண்டும். தோல் தொட்ட கையால் தண்ணீர் வாங்க யோசித்த பெரியவர்களும் இந்த உடலின் முன்தான் விழுந்து கும்பிட்டார்கள். தோல் ஷாப் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

திருவிழாச் செய்திகளில் இன்றும் அவளைச் சாதிப் பெயரால்தான் எழுதுகிறார்கள். உங்கள் வீட்டுப் பாட்டிமார் யாராவது அவளுக்கு வேறு பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள்.