தாராபுரம்: தலைமையிடம் வட்டமான கதை

திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன் ஆலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள தாராபுரம் வட்டம் ஒருகாலத்தில் கோவைக்கும் முன்பே ஆட்சித் தலைமையிடமாக இருந்தது என்பதைப் பலர் அறியார்.

தாராபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவு நிலம். மேட்டுக்காடுகளில் சோளமும் மேய்ச்சல் புல்லும். அமராவதிக் கரையில் மட்டும் நெல்லும் கரும்பும். சங்கப் பாடல்கள் கூறும் ஆன்பொருநை இந்த அமராவதியே என்பர் அறிஞர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்று இவ்வட்டாரத்தின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

மைசூர்ப் போர்களில் இவ்வூர்க் கோட்டை பலமுறை கைமாறி, 1792இல் தகர்க்கப்பட்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கும்பினியார் கொங்குநாட்டை இரண்டாகப் பிரித்தனர். வடபகுதிக்குப் பவானியும் தென்பகுதிக்குத் தாராபுரமும் தலைமையிடங்கள். இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள் என்பது கருதத்தக்கது. 1804இல் இரண்டும் இணைக்கப்பட்டுக் கோயம்புத்தூர் தலைமையேற்றது. தாராபுரம் ஒரு வட்டமாகச் சுருங்கியது.

அதன்பின் ஊர் நகரவில்லை, தலைமையிடம்தான் நகர்ந்தது. 1979இல் ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட பெரியார் மாவட்டத்தோடும், 2009இல் புதிய திருப்பூர் மாவட்டத்தோடும் தாராபுரம் சேர்க்கப்பட்டது. ஈரோடு இரயில் சந்திப்பால் வளர்ந்தது. திருப்பூர் பின்னலாடையால் வளர்ந்தது. தாராபுரத்துக்கோ இன்றுவரை இரயிலே இல்லை. ஆறும் கோட்டையும் தந்த தலைமையை, தண்டவாளமும் தொழிலும் கொண்டுசென்றன எனலாம்.

கோட்டாட்சியர், வட்டாட்சியர், குறுவட்டத்திற்கு ஒரு வருவாய் ஆய்வாளர், சிற்றூரில் கிராம நிர்வாக அலுவலர் என ஆட்சி இங்கே படிப்படியாக இறங்கி வருகிறது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபின் தேர்வெழுதி வந்தவர்களே ஊர்க் கணக்கைப் பார்க்கின்றனர். இது நல்ல மாற்றமே. ஆயினும் மூலனூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் ஆட்சியரிடம் நேரில் மனுக் கொடுக்க விரும்பினால், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்குத் திருப்பூர் செல்லும் பேருந்தில் ஏற வேண்டும். 1800இல் அவருடைய முன்னோருக்கு ஆட்சியர் தாராபுரத்திலேயே இருந்தார்.

மாவட்டங்களைப் பிரிப்பதே ஆட்சியை மக்களின் அருகில் கொண்டுவரத்தான் என்கிறோம். அருகில் என்பதை எந்த ஊரிலிருந்து அளக்கிறோம் என்ற கேள்வியைத் தாராபுரம் இரு நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.