மாண் தீவும் பழைய மோட்டார் சைக்கிள்களும்
பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள மாண் தீவு மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களின் யாத்திரைத்தலமானதற்கு, அதன் இயற்கை எழிலைவிட ஒரு சட்டமே முதற்காரணம். பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் வாகன வேகத்தை மணிக்கு 20 மைலுக்குள் அடக்கிவைத்திருக்க, தீவின் தனிச் சட்டமன்றமான டின்வால்ட் 1904இல் பொதுச்சாலைகளை மூடிப் பந்தயம் நடத்த இசைந்தது. 1907இல் டூரிஸ்ட் டிராஃபி எனும் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. அக்கால வண்டிகள் பலவற்றுக்குக் கியர் மாற்றும் அமைப்பே இல்லை. எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்திய பட்டை மழையில் வழுக்கும், ஏற்றத்தில் ஓட்டுநரே மிதித்துக் கைகொடுக்க வேண்டும். ஆகவே 1911இல் பந்தயம் ஸ்னேஃபெல் மலையேறும் ஏறத்தாழ 38 மைல் சுற்றுக்கு மாறியபோது, கியரும் சங்கிலியும் பூண்ட அமெரிக்க ‘இந்தியன்’ வண்டிகள் சீனியர் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றின. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களுக்கு அது கசப்பு மருந்து.

இப்படித் தொழில்நுட்பம் மாற மாறக் காலாவதியான வண்டிகளைக் காக்க 1946இல் தோன்றிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், முதலில் 1931க்கு முற்பட்டவற்றை மட்டுமே ஏற்று, பின்னர் 25 ஆண்டு கடந்த எவ்வண்டிக்கும் இடமளித்தது. அதன் உறுப்பினர்கள் கப்பலேறி இத்தீவுக்கு வந்து கூடும் ராலி பந்தயமன்று. அது பழைய வண்டிகளைக் காட்சிக்கூடத்தில் நிறுத்தாமல் சாலையில் ஓட்டும் கூட்டுப்பயணம்.