இழை வலுவூட்டிய நெகிழி எந்திர உறுப்புகளில் உயவின் வரலாறு

எந்திரங்களில் ஒன்றோடொன்று உரசி இயங்கும் உறுப்புகளுக்கிடையே உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கும் முறை உயவு அல்லது மசகிடல் எனப்படுகிறது. உலோக உறுப்புகளுக்கு எண்ணெயும் கிரீசும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. பருத்தித் துணி, கண்ணாடி இழை, கார்பன் இழை ஆகியவற்றால் வலுவூட்டிய நெகிழி உறுப்புகள் இருபதாம் நூற்றாண்டில் வந்தபோது இந்த வழக்கத்தில் மாற்றம் ஏற்பட்டது. அவற்றுள் சில தண்ணீரிலேயே நன்றாக ஓடின. வேறு சில எதுவும் ஊற்றாமலே ஓடின. எந்தப் பொருளுக்கு எந்த உயவு பொருந்தும் என்பது படிப்படியாகத்தான் தெரியவந்தது.

முன்னோடியான மரத் தாங்கிகள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்கள் பக்கச் சக்கரங்களிலிருந்து பின்புறச் சுழல்விசிறிக்கு மாறின. விசிறியின் தண்டு கப்பலின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் பொருத்திய உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. அதனால் அத்தண்டு ஆட்டம் கண்டது. கப்பலுக்குள் நீர் புகும் அபாயமும் இருந்தது. இங்கிலாந்தின் பொறியாளர் ஜான் பென், லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தின் கட்டைகளைப் பதித்த தாங்கிக்கு 1854இல் காப்புரிமை பெற்றார். கட்டைகளுக்கிடையே விட்ட காடிகள் வழியே ஓடிய கடல்நீரே உயவுப்பொருளாகவும் குளிர்விப்பானாகவும் அமைந்தது. மரத்தில் இயல்பாக உள்ள பிசினும் உராய்வைக் குறைத்தது. செல்லுலோசு இழைகளை லிக்னின் பிணைத்து நிற்பதால் மரமும் ஒருவகை இழைக் கலப்புப்பொருளே.

துணியும் பிசினும்

லியோ பேக்லாண்ட் 1907இல் பேக்லைட் என்னும் பினாலிக் பிசினை உருவாக்கி, 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பருத்தித் துணியை இப்பிசினில் தோய்த்து, அடுக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கினால் இழைத்தும் கடைந்தும் வேலை செய்யத்தக்க திண்ணிய பலகை கிடைத்தது. இதில் வெட்டிய பற்சக்கரங்கள் உலோகப் பற்சக்கரங்களைவிடக் குறைந்த ஓசையுடன் ஓடின. ஆகவே மோட்டார் வாகன எஞ்சின்களில் அவை இடம்பெற்றன. அங்கே எஞ்சின் எண்ணெயே அவற்றுக்கும் உயவானது.

எஃகு உருட்டாலைகளில் நிலைமை வேறு. அங்கே பெரும் சுமையைத் தாங்கிய வெண்கலத் தாங்கிகளுக்குக் கிரீசு ஏராளமாகச் செலவானது. 1930களில் துணி-பினாலிக் தாங்கிகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. அவற்றுக்கு உயவாகத் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. இதற்குக் காரணம் வெப்பம். நெகிழியின் வெப்பக் கடத்துத்திறன் சாதாரண எஃகினுடையதில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்குதான். உராய்வில் பிறக்கும் வெப்பம் தாங்கியின் வழியே வெளியேற முடியாமல் பரப்பிலேயே தேங்கினால் பிசின் கருகிவிடும். தண்ணீர் அவ்வெப்பத்தை உடனுக்குடன் அடித்துச் சென்றது. ஆனால் துணி நீரை உறிஞ்சி உப்பும். எனவே உலோகத் தாங்கிக்கு விடுவதைவிட அதிக இடைவெளியைத் தண்டைச் சுற்றி விட வேண்டியிருந்தது.

எண்ணெயின்றி ஓடும் தாங்கிகள்

1938இல் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், பின்னாளில் டெஃப்லான் எனப் பெயர்பெற்ற பொருளைத் தற்செயலாகக் கண்டறிந்தார். திண்மப் பொருள்களிலேயே மிகக் குறைந்த உராய்வுடையவற்றுள் இது ஒன்று. ஆயினும் தனித்து நின்றால் மிக வேகமாகத் தேய்ந்துவிடும். கண்ணாடி இழை போன்றவற்றைக் கலந்தபோது இதன் தேய்மானம் நூறு மடங்குக்கும் மேல் குறைந்தது.

இதில் நடப்பது இதுதான்: உரசும்போது நெகிழியிலிருந்து பெயரும் நுண்துகள்கள் எதிர்ப்புற எஃகின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் நெகிழி எஃகின் மேல் உரசாமல் இப்படலத்தின் மேலேயே வழுக்குகிறது. இதற்குப் பரிமாற்றப் படலம் என்று பெயர். டெஃப்லான் இழைகளை வேறு இழைகளுடன் சேர்த்து நெய்து, பிசினால் ஒட்டிய தாங்கிப் பட்டைகள் விமானங்களின் கட்டுப்பாட்டு இணைப்புகளில் பயன்பாட்டுக்கு வந்தன. கிரீசு வைக்கக் கை எட்டாத இடங்களில் இவை பேருதவியாயின.

கார்பன் இழையும் ஒரு முரணும்

1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ அரச வானூர்தி ஆய்வகத்தில் உயர்வலிமைக் கார்பன் இழை உருவாக்கப்பட்டது. 1966இல் வெளிவந்த பீட்டர் ஜோஸ்ட் அறிக்கை, உராய்வு, தேய்மானம், உயவு மூன்றையும் ஒரே துறையாக்கி 'டிரைபாலஜி' என்று பெயரிட்டது. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே. கே. லங்காஸ்டர், கார்பன் இழை வலுவூட்டிய நெகிழிகளின் உயவை விரிவாக ஆராய்ந்தார்.

கண்ணாடி இழை கடினமானது; எதிர்ப்புற உலோகத்தைக் கீறக்கூடியது. கார்பன் இழை அந்த அளவு கீறுவதில்லை. வெப்பத்தையும் நன்கு கடத்துகிறது. ஆனால் இத்தகைய நெகிழிகள் பலவற்றில் தண்ணீர் ஊற்றினால் தேய்மானம் குறையாமல் கூடியது. பரிமாற்றப் படலம் எஃகில் ஒட்டுவதை நீர் தடுத்ததே காரணம். மேலும் கடல்நீரில் கார்பன் இழையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் மின்வேதி அரிமானத்துக்கும் ஆளாகும். ஆகவே வறண்ட நிலையில் சிறந்து விளங்கும் பொருள் ஈரத்திலும் அவ்வாறே இயங்கும் என்று கொள்ள முடியாது.

இன்றைய நிலை

1978இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 'பீக்' என்னும் வெப்பம் தாங்கும் நெகிழி உருவானது. இதன் தாங்கி வகைகளுள் ஒன்றில் கார்பன் இழை, கிராஃபைட், டெஃப்லான் ஆகியவை தலா 10 விழுக்காடு கலந்துள்ளன. இங்கே உயவுப்பொருள் உறுப்பின் உள்ளேயே இருக்கிறது. உருளைத் தாங்கிகளில் குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடுகள் கண்ணாடி இழை கலந்த நைலான் 66ஆல் செய்யப்படுகின்றன. இவை எண்ணெயிலும் கிரீசிலும் இயங்கினாலும், உயர் அழுத்தத்துக்காக எண்ணெயில் சேர்க்கும் சில வேதிப்பொருள்கள் மிகுந்த வெப்பத்தில் நைலானை நொறுங்கச் செய்கின்றன.

கப்பல் துறையிலோ வரலாறு தொடங்கிய இடத்துக்கே திரும்பியுள்ளது. எண்ணெயில் ஓடும் விசிறித்தண்டுத் தாங்கிகளிலிருந்து எண்ணெய் கடலில் கசிவது மாசுபாடாகக் கருதப்படுகிறது. அமெரிக்கா 2013ஆம் ஆண்டின் கப்பல் அனுமதி விதிகளில், எண்ணெய் கடலைத் தொடும் இடங்களில் சுற்றுச்சூழலுக்கு உகந்த உயவுப்பொருள்களைப் பயன்படுத்தக் கோரியது. இதனால் கடல்நீரையே உயவாகக் கொள்ளும் நெகிழித் தாங்கிகளின் மதிப்பு உயர்ந்தது. துணியும் பிசினும் சேர்ந்த கலப்புத் தாங்கிகளும் அவற்றுள் அடங்கும்.