கடல் விட்டுப்போன ஊர்கள் வழியே ஒரு சைக்கிள் பாதை

இந்த எபிசோடின் பாதியை மூச்சு வாங்கிக்கிட்டேதான் ரெக்கார்ட் பண்ணினேன். எழுத்தில் அது தெரியாது, தப்பிச்சீங்க.

தூத்துக்குடின்னா துறைமுகம். அது எப்பவுமே அங்கதான் இருந்துச்சுன்னு நினைப்போம். ஆனா இந்தக் கரையில் துறைமுகம் ஒரே இடத்தில் நின்றதில்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்கத் தூர்க்க, கடல் விலகிப் போனது. கடலைத் துரத்திக்கிட்டே துறைமுகமும் போனது. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி. இந்த நாலையும் ஒரே நாளில் சைக்கிளில் தொட்டுவிடலாம். ரோட்டு வழியாப் போகாம, முடிஞ்ச வரைக்கும் சரள் பாதை, வயல் வரப்பு, உப்பளக் கரைன்னு போகணும், அவ்வளவுதான்.

நான் திருச்செந்தூரில் இறங்கி, முதலில் குதிரைமொழித் தேரிக்குப் போனேன். தேரின்னா செம்மணல் மேடு. காற்று குவித்த மணல், இரும்புச்சத்தால் ரத்தச் சிவப்பு. மேலே பனை, உடை மரம், முந்திரி. மலைன்னு சொல்ல முடியாது, ஆனா என் தொடை அதை ஒத்துக்கல. பாதி தூரம் சைக்கிள் என்னைச் சுமக்கல, நான்தான் அதைச் சுமந்தேன். இந்த மணலுக்குள் கற்கால மனிதர்களின் குட்டிக் குட்டிக் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

அங்கிருந்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறினால் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கொற்கை. பாண்டியர் துறைமுகம். இன்றைக்குக் கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு குளம், ஒரு கோயில், ஒரு வன்னி மரம். மரத்துக்கு ரெண்டாயிரம் வயசுன்னு ஊர்ல சொல்றாங்க. நான் பாதி நம்பினேன். ஊரின் வயசுதான் அதைவிடப் பெரிசு: 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று வந்தது.

கொற்கைன்னதும் முத்துன்னு பெருமையா ஆரம்பிச்சிடுவோம். எனக்கு அங்கே நின்னப்போ வேற ஒண்ணு உறுத்துச்சு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' இந்த ஊரைக் கொல்கி என்று குறிப்பிடுகிறது. முத்துக் குளிக்கிற இடம், குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அவருக்கு யார் சொன்னாங்களோ. ஆனா கவனிங்க: ரோமாபுரிப் பெண்களின் கழுத்துக்குப் போன பொருளை, சாவுக்குத் துணிந்தவன் அல்லது வேறு வழியில்லாதவன்தான் எடுத்து வரணும்னு அன்றைக்கே பேச்சு இருந்திருக்கு.

அடுத்து பழையகாயல். 1870களில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் இங்கேயும் கொற்கையிலும் தோண்டிப் பார்த்தார். இங்கே சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைத்தன. மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான் என்ற முடிவுக்கு வந்தார். 1290களில் போலோ பார்த்த காயலில் அரேபியாவிலிருந்து குதிரைகள் வந்து இறங்கின. முத்துக்குளிப்பு பற்றி அவர் தரும் கணக்கு இன்னும் சுவாரசியம்: கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு! தமிழில் அந்த ஆளுக்குக் கடல்கட்டின்னு பேர். சிரிக்காதீங்க. இடுப்பில் கயிறு, காலில் கல், ஒரு நிமிஷத்து மூச்சு. இதை மட்டும் நம்பி இறங்குறவனுக்கு, மேலே ஒருத்தர் மந்திரம் சொல்றார்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. இன்ஷூரன்ஸ்னு வச்சுக்கோங்க.

திரும்பப் பாலம் ஏறி ஆத்தைச் சுத்தி, புன்னைக்காயல். ஆறு கடலில் சேரும் இடம். முத்துப்பார் யாருக்கு என்ற சண்டை முற்றி, 1530களில் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. பிரான்சிஸ் சேவியர் வந்தது அதுக்கப்புறம், 1542இல். மதம் மாறினாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடுறோம். கடலில் இறங்கும் உரிமையைக் காப்பாத்திக்க ஒரு சமூகம் எடுத்த முடிவும் அதுக்குள்ள இருக்கு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் கொண்டுவந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், இந்தப் புன்னைக்காயலில் இருந்துதான் பல வருஷம் வேலை செய்தார். தமிழ் கத்துக்கிட்டதும் இந்தக் கரைக்காரங்ககிட்டதான்.

பிறகு மையம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போனது, அப்புறம் ஆங்கிலேயர். ஆள் மாற மாறப் பங்குக் கணக்கும் மாறியது. மூச்சடக்குறவங்க மட்டும் மாறல. நம்ம பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

புன்னைக்காயல் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்: "அண்ணே, முத்து எடுத்திருக்கீங்களா?"

"அதெல்லாம் எங்க அப்பா காலத்தோட போச்சு தம்பி. நான் சங்குக்குப் போனவன்."

"கல்லைக் கட்டிக்கிட்டா?"

"கல்லு எங்க? கம்ப்ரஸர்தான். குழாய வாய்ல கடிச்சுக்கிட்டு இறங்கணும்." கொஞ்சம் நிறுத்திட்டு, வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் வந்து உக்காந்து பேசுனா கேக்காது. இடது பக்கம் வா."

சைக்கிளை நகர்த்தி வச்சுட்டு, இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.